கவிஞர் ஞேகோஷ் எப்படிப்பட்ட ஆட்சியாளர்?

கேள்வி இது: “மாண்டினீக்ரோவின் ஞேகோஷைப் பெரிய கவிஞர் என்கிறார்கள். அவர் 21 வருஷம் நாட்டை ஆண்டவரும்கூட. ஆட்சியாளராக அவர் எப்படி? அரசியலில் உருப்படியாக ஏதாவது செய்தாரா, இல்லை கவிதையால்தான் பெயர் நிற்கிறதா?”

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லைக்கு வெளியே அவர் கை வைத்த காரியங்களில் பெரும்பாலானவை கைகூடவில்லை. பிடிக்க நினைத்த ஊர்களைப் பிடிக்க முடியவில்லை, கையில் இருந்த தீவுகளையும் பறிகொடுத்தார். எல்லைக்கு உள்ளேயோ, அரசாங்கம் என்ற ஒன்றே இல்லாத இடத்தில் ஒன்றை உண்டாக்கி வைத்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் வந்த இளவரசர்கள் ஆண்டது அந்தக் கட்டடத்தில்தான். அது எவ்வளவு சிரமமான வேலை என்பது அன்றைய நிலைமை தெரிந்தால்தான் புரியும்.

தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் இருக்கும் மாண்டினீக்ரோ, 1830இல் லோவ்ச்சென் மலையைச் சுற்றியும் அதற்குக் கிழக்கேயும் கிடக்கும் சுண்ணாம்புப் பாறைக் காடு. மலை உச்சியில் நின்றால் கோத்தோர் வளைகுடா காலடியில் தெரியும். ஆனால் அந்தக் கடற்கரை ஆஸ்திரியாவின் கையில் இருந்தது. மற்ற மூன்று பக்கமும் துருக்கியரின் ஒட்டோமான் பேரரசு. சுல்தானின் கணக்குப் புத்தகத்தில் இந்த மலையும் அவருடைய நிலம்தான். வசூலுக்கு வந்தவர்கள்தான் உயிரோடு திரும்புவதில்லை. மக்கள் குலம் குலமாகப் பிரிந்து வாழ்ந்தார்கள். ஒரு குலத்தான் இன்னொரு குலத்தானைக் கொன்றால் பழிக்குப் பழி, அப்புறம் அதற்கொரு பழி என்று தலைமுறை தலைமுறையாக ஓடும். போலீஸ் கிடையாது, வரி கிடையாது, சிறை கிடையாது, ஒரு பள்ளிக்கூடம்கூடக் கிடையாது.

இவர்களுக்கெல்லாம் பொதுவான ஒரே ஆள் செத்திஞே மடத்தில் இருந்த ஆர்த்தடாக்ஸ் ஆயர். ‘விளாதிகா’ என்பார்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அந்தப் பதவி ஞேகுஷி என்ற ஊரின் பெத்ரோவிச் குடும்பத்துக்குள்ளேயே சுற்றி வந்தது. ஆயருக்குத் திருமணம் கிடையாது என்பதால் வாரிசு மகன் அல்ல, மருமகனோ சகோதரன் மகனோதான். அந்த ஊர்ப் பெயரிலிருந்துதான் ‘ஞேகோஷ்’ வந்தது. (நம் ‘ஞ’ இந்தப் பெயருக்கு அச்சாகப் பொருந்துகிறது, ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இரண்டு எழுத்தை ஒட்டவைத்துத் திணறுகிறார்கள்.)

ஞேகோஷுக்கு முன்பு இருந்தவர் அவருடைய பெரியப்பா முதலாம் பேதர். அவர் 1798இல் ஒரு சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தார், பின்பு அதை விரிவாக்கவும் செய்தார். சட்டம் இருந்தது, அதை நிறைவேற்ற ஆள் இல்லை. அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் சாபம். சண்டை போடும் குலங்களுக்குக் கடிதம் எழுதுவார்: நிறுத்தாவிட்டால் உங்கள் வயல் விளையாது, வம்சம் அற்றுப்போகும் என்று. சில நேரம் பலிக்கும், பல நேரம் பலிக்காது. 1830இல் சாகும்போதுகூட, அடுத்த வசந்தத்தில் வரும் புனித ஜார்ஜ் திருநாள் வரையாவது யாரும் யாரையும் கொல்லாதிருங்கள் என்பதே அவருடைய கடைசி வேண்டுகோளாக இருந்தது. ஆறு மாத அமைதி. ஓர் ஆட்சியாளர் சாவுப் படுக்கையில் கேட்கக்கூடியது அவ்வளவுதான் என்றால் மற்றதை ஊகித்துக்கொள்ளுங்கள்.

அவருடைய உயிலில் வாரிசாக எழுதப்பட்டிருந்த ராதே என்ற பையனுக்கு அப்போது 17 வயதுகூட நிரம்பவில்லை. துறவுப் பட்டம்கூடப் பெறாதவன். கடற்கரை மடம் ஒன்றில் கொஞ்சம் படித்திருந்தான். சிமா மிலுத்தினோவிச் என்ற விசித்திரமான கவிஞர் ஒருவர் செத்திஞேயில் அவனுக்கு ஆசிரியராக இருந்தார். அவர்தான் பெரியப்பாவுக்குச் செயலாளரும். அதனால் உயிலை உண்மையில் எழுதியது யார் என்ற சந்தேகம் அன்றே கிளம்பியது. எப்படியோ, குலத் தலைவர்கள் ஒப்புக்கொண்டார்கள். சில மாதங்களில் அவசர அவசரமாகத் துறவியாக்கப்பட்ட ராதே, பெரியப்பாவின் பெயரையே ஏற்று இரண்டாம் பேதர் ஆனான். இனி ‘ஆனார்’ என்று எழுதுவதுதான் முறை.

முதல் சோதனை உடனே வந்தது. வெனிஸ் நகரம் இந்தப் பக்கம் செல்வாக்காக இருந்த காலத்தில் ‘குவர்நதூர்’ என்று ஒரு மதச்சார்பற்ற தலைவர் பதவியை ஏற்படுத்தியிருந்தது. அது ராதோஞிச் குடும்பத்தின் பரம்பரைச் சொத்தாகிவிட்டது. ஆயர் மதத்தைப் பார்க்கட்டும், நாட்டை நான் பார்க்கிறேன் என்பது அன்றைய குவர்நதூர் வுகோலாய் ராதோஞிச்சின் கட்சி. அவருடைய பின்பலம் ஆஸ்திரியா. கோத்தோரிலிருந்த ஆஸ்திரியர்களோடு அவர் இரகசியமாகப் பேச்சு நடத்தியது வெளியே வந்தது. குலத் தலைவர்கள் கூடி மரண தண்டனை விதித்தார்கள், ஞேகோஷ் அதைக் குறைத்தார், கடைசியில் குடும்பத்தோடு நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். அந்தப் பதவியே ஒழிக்கப்பட்டது. பதினெட்டு வயது வாலிபன் செய்த வேலையா இது என்று நானும் யோசித்ததுண்டு. பின்னாலிருந்து பெரியவர்கள் நடத்தினார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் பலன் அவருக்குத்தான்: நாட்டில் இரண்டு தலை இருந்தது, ஒன்றாயிற்று.

அடுத்து 1831இல் ரஷ்யாவிலிருந்து இவான் வுகோதிச், மத்தேயா வுச்சிசேவிச் என்று இருவர் வந்து சேர்ந்தார்கள். பூர்வீகம் இந்தப் பக்கம், வளர்ந்தது ரஷ்யாவில். இவர்களை வைத்து மூன்று காரியம் நடந்தது. குலத் தலைவர்களில் 16 பேரைக் கொண்ட செனட். ஊர் ஊராகப் போய் வழக்குத் தீர்க்கவும் எல்லையைப் பார்க்கவும் ‘குவார்தியா’ என்ற காவல் படை. அப்புறம் ‘பெர்யானிக்’ என்ற ஒரு சிறிய மெய்க்காவல் கூட்டம். தொப்பியில் இறகு செருகியிருப்பார்கள், அதனால் அந்தப் பெயர். எல்லோருக்கும் சம்பளம் உண்டு. தலைவர்களைச் சம்பளக்காரர்கள் ஆக்கியதுதான் இதில் நுட்பமான இடம். அதுவரை தன் குலத்துக்கு மட்டுமே பதில் சொன்னவர் இப்போது செத்திஞேயிலிருந்து பணம் வாங்குகிறார். பணம் வந்தது பெரும்பாலும் ரஷ்ய ஜாரின் மானியத்திலிருந்து.

சம்பளம் கொடுக்க வேண்டுமென்றால் வரி வேண்டும். 1833இல் வரி போட்டார். இதுதான் அவருடைய ஆட்சியிலேயே கஷ்டமான வேலை என்பேன். துருக்கிக்காரனுக்கே கொடுக்காத வரியை இவருக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்பது மலைக்காரரின் கேள்வி. தவறென்றும் சொல்ல முடியாது. வரி கொடுக்காததைத்தான் அவர்கள் ‘சுதந்திரம்’ என்று புரிந்து வைத்திருந்தார்கள். கொடுக்க மறுத்த ஊர்களுக்குப் பெர்யானிக்குகள் போனார்கள்.

தண்டனை கொடுப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அரசு ஒருவனைத் தூக்கில் போட்டாலும் சுட்டாலும், அதைச் செய்த ஆளின் குடும்பத்தின்மேல் பழி விழும். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: பல குலங்களைச் சேர்ந்தவர்கள் ஒன்றாக நின்று ஒரே நேரத்தில் சுடுவார்கள். யாருடைய குண்டு உயிரை எடுத்தது என்று தெரியாது, எனவே யாரைப் பழிவாங்குவது என்றும் தெரியாது. குலத்தை ஏமாற்றி அரசு பிறப்பது என்பது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

இதே சமயத்தில் 1833இல் ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க் போனார். ஆர்த்தடாக்ஸ் ஆயராக அவருக்குப் பட்டாபிஷேகம் நடந்தது அங்கேதான், ஜார் முதலாம் நிக்கோலாஸின் முன்னிலையில். இருபது வயதுகூட நிரம்பவில்லை. திரும்பும்போது ஓர் அச்சு எந்திரத்தைக் கொண்டுவந்தார். கோத்தோரிலிருந்து மலைமேல் ஏறும் ஆட்டுப்பாதையில் அதை ஏற்றியதை நினைத்துப் பாருங்கள். 1834இல் செத்திஞேயில் முதல் பள்ளிக்கூடமும் திறந்தது, அந்த எந்திரமும் ஓடத் தொடங்கியது. அவருடைய முதல் கவிதை நூல்கள் அதில்தான் அச்சாயின. 1835 முதல் 1839 வரை ‘கிர்லிட்சா’ என்ற ஆண்டு மலர் வந்தது. செர்பிய மொழிக்கு அகராதி எழுதிய வூக் கராஜிச்சின் பழமொழித் தொகுப்பும் 1836இல் இங்கேதான் அச்சேறியது.

1834இல் இன்னொன்றும் நடந்தது. இறந்து நான்கு வருஷமான பெரியப்பாவின் கல்லறையைத் திறந்தார்கள். உடல் அழியாமல் இருப்பதாக அறிவித்து, ஞேகோஷ் அவரைப் புனிதர் என்று பிரகடனம் செய்தார். அரசியலுக்காகச் செய்தார் என்று சிலர் சொல்வார்கள், பக்தியால் என்று சிலர். எனக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். உயிரோடு இருந்தபோது முதலாம் பேதர் இட்ட சாபங்களுக்கு மதிப்பு அரைகுறை. இப்போது அவர் புனிதர்; அவர் உடல் இருக்கும் பெட்டியின் முன் நின்று செய்த சத்தியத்தை மீறுகிறவனுக்குத் தூக்கம் வராது. போலீஸ் சிறியது, கஜானா காலி. புனிதரோ எல்லாக் குலங்களுக்கும் பொது.

வெளியே என்ன ஆயிற்று என்று பார்ப்போம். 1832இல் துருக்கிய வசீர் (சுல்தானின் தலைமை அமைச்சர்) ரெஷித் பாஷா, சுல்தானின் அங்கீகாரப் பத்திரத்தைத் தருகிறேன், தலைவணங்கு என்று ஆள் அனுப்பினார். செர்பியாவின் இளவரசர் மிலோஷுக்குக் கிடைத்தது போன்ற ஏற்பாடு. ஞேகோஷ் மறுத்தார். மார்த்தினிச்சி என்ற இடத்தில் வந்த படையை மலைக்காரர்கள் விரட்டினார்கள். அந்தத் தெம்பில் துருக்கியர் கையில் இருந்த பொட்கோரிட்சாவைத் தாக்கப் போய், கோட்டைச் சுவரில் முட்டிக்கொண்டு திரும்பினார்கள். கேட்காமல் எதற்குப் போனாய் என்று ரஷ்யா கடிந்துகொண்டது. 1836இல் எல்லையோரத்துக் கிராஹோவோவில் அதைவிடப் பெரிய அடி. ஹெர்செகோவினாவின் ஒட்டோமான் பிரபு ஸ்மைல் ஆகா செங்கிச்சின் ஆட்கள் மாண்டினீக்ரோ கூட்டத்தை வெட்டிச் சாய்த்தார்கள். இறந்தவர்களில் பெத்ரோவிச் குடும்பத்தார் பலர். ஞேகோஷின் கடைசித் தம்பி யோகோவும் ஒருவன், இன்னும் மீசை முளைக்காத பையன்.

அதற்கு 1840இல் பதில் கொடுக்கப்பட்டது. வரி வசூலுக்கு வந்து கூடாரம் அடித்திருந்த ஸ்மைல் ஆகாவை இரவில் சூழ்ந்து கொன்று, தலையைச் செத்திஞேக்குக் கொண்டுவந்தார்கள். ஞேகோஷுக்குத் தெரிந்தே நடந்த காரியம். குரோஷியக் கவிஞர் இவான் மஜுரானிச் இதைக் காவியமாக்கியதால் பால்கன் முழுக்கப் பிரபலம்.

தலை என்றதும் சொல்ல வேண்டும். மடத்துக்கு மேலே ‘தப்ளியா’ என்ற வட்டக் கோபுரம் இருந்தது, வெட்டிய துருக்கியத் தலைகளைக் கழியில் குத்தி வைக்கும் இடம். 1844இல் வந்த ஆங்கிலேயப் பயணி கார்ட்னர் வில்கின்சன் அதைப் பார்த்து அதிர்ந்து, இந்த வழக்கத்தை இரு தரப்பும் விட்டுவிடலாமே என்று ஞேகோஷுக்கும் ஹெர்செகோவினாவின் ஒட்டோமான் ஆளுநர் அலி பாஷாவுக்கும் நடுவே தூது முயன்றார். நாங்கள் முதலில் நிறுத்தினால் பயந்துவிட்டோம் என்று ஊருக்குள் புகுந்துவிடுவார்கள் என்பது ஞேகோஷின் வாதம். ஐரோப்பிய இலக்கியம் படிப்பவர், பிரெஞ்சு கற்றவர், சன்னலைத் திறந்தால் தெரிவது இது.

அந்தச் சன்னல் இருந்த வீட்டையும் சொல்லிவிடுகிறேன். 1838இல் மடத்துக்குப் பக்கத்தில் தனக்கென ஒரு மாளிகை கட்டினார். கோத்தோரிலிருந்து ஒரு பில்லியர்ட்ஸ் மேசையை ஆட்கள் தோளில் சுமந்து கொண்டுவந்தார்கள். ஊர்ஜனம் மாளிகைக்கே ‘பில்யார்தா’ என்று பெயர் வைத்துவிட்டது. இன்றும் அதுதான் பெயர். செனட் கூடியது அங்கே, விருந்தினர் தங்கியது அங்கே. கட்டிய வருஷமே சாக்சனி அரசர் வந்து போனார். அவருக்குத் தாவரவியல்தான் பைத்தியம், செடி பார்க்க வந்தவர்.

இந்த மேசைக்கு முந்தியே, இவர் துறவிபோல நடப்பதில்லை, மானியப் பணத்தை வீணடிக்கிறார் என்று ரஷ்யாவுக்குப் புகார் போயிருந்தது. 1837இல் அவர் இரண்டாவது தடவை ரஷ்யா போனபோது தலைநகருக்குள் விடாமல் பிஸ்கோவ் நகரில் வாரக்கணக்கில் காக்க வைத்தார்கள். அந்தக் காத்திருப்பில் பக்கத்தில் இருந்த ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் கல்லறைக்குப் போய் வந்தார். புஷ்கின் இறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பின்பு ஒரு பாடல் தொகுப்பை அவருடைய நிழலுக்கே சமர்ப்பித்தார். கடைசியில் ஜார் கூப்பிட்டுப் பேசினார், மானியத்தையும் கூட்டினார். ஊர் திரும்பியதும் ஞேகோஷ் பெரும்பாலும் அங்கியை விட்டுச் சாதாரண மலைக்கார உடையில் நடமாடினார். செனட் தலைமையைத் தம் சகோதரர் பேரோவிடம் கொடுத்தார். ஆயர் மெல்ல மெல்ல அரசராகிக்கொண்டிருந்தார், பெயரைத் தவிர.

1842இல் துப்ரோவ்னிக்கில் அலி பாஷாவைச் சந்தித்துக் கிராஹோவோ பற்றி உடன்படிக்கை செய்தார். ஆஸ்திரியாவோடு எல்லை அளந்து முடித்தார். சுல்தானின் நிலம் என்று சொல்லப்படும் இடத்தோடு ஒரு பேரரசு எல்லை ஒப்பந்தம் போடுகிறது என்றால், அதுவே ஒருவகை அங்கீகாரம். சத்தமில்லாத இந்த வேலையைப் போர்களைவிட நான் உயர்வாக வைப்பேன்.

ஆனால் 1843இல் ஸ்கதார் நகரின் ஒட்டோமான் ஆளுநர் ஒஸ்மான் பாஷா, ஸ்கதார் ஏரியில் இருந்த விரஞினா, லெசெந்த்ரோ தீவுகளைப் பிடித்துவிட்டார். வரைபடத்தில் இரண்டு புள்ளிகள்தான். ஆனால் மலைக்காரருக்கு மீனும் சந்தையும் உப்பும் வரும் வழி அது. ஞேகோஷ் பீரங்கி கொண்டு சுட்டுப் பார்த்தார், வல்லரசுகளிடம் முறையிட்டார், ஒன்றும் நடக்கவில்லை. சாகும்வரை அது அவருக்கு ஆறாத புண்.

அப்புறம்தான் 1846இன் வறட்சியும் அதைத் தொடர்ந்த பஞ்சமும். ஒஸ்மான் பாஷா கெட்டிக்காரர். வாளுக்குப் பதில் தானியத்தை அனுப்பினார். எல்லைக் குலங்களில் கொஞ்சம் பேர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். சர்ம்னிட்சா பகுதியில் மார்கிஷா பிளாமெனாட்ஸ் என்ற தலைவரே, முன்பு ஞேகோஷின் பெர்யானிக்குகளில் இருந்தவர், பாஷாவோடு சேர்ந்து கலகம் செய்தார். பிப்பேரி குலத்திலும் கொந்தளிப்பு. இதெல்லாம் 1847இன் தொடக்கத்தில் மூண்டபோது ஞேகோஷ் எங்கே இருந்தார் தெரியுமா? ஆஸ்திரியாவில். ‘மலையின் மாலை’ (மலர்மாலைதான், பொழுது அல்ல) என்று பெயரிட்ட தம் பெருங்காவியத்தை வியன்னாவில், ஆர்மீனியத் துறவிகளின் அச்சகத்தில் அச்சிட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் காவியம் எதைப் பற்றியது? தம் மூதாதை தனிலோ ஆயர், மதம் மாறித் துருக்கியர் பக்கம் போன சொந்த இனத்தாரை என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியாமல் தவிப்பதும், கடைசியில் அவர்களை ஒழித்துக்கட்டுவதும். அப்படியொரு ஒட்டுமொத்தக் கொலை நடந்ததற்கே உறுதியான ஆதாரம் இல்லை என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. யுகோஸ்லாவியா உடைந்த 1990களின் போர்களுக்குப் பின் அந்த நூலை இன ஒழிப்புப் பாடல் என்றே கண்டிப்பவர்கள் இருக்கிறார்கள். போஸ்னிய முஸ்லிம் ஒருவர் அதை எப்படிப் படிப்பார் என்று நினைத்தால் அந்தக் கோபம் புரிகிறது. என் வாசிப்பு இன்னொரு பக்கம் போகிறது. காவியத்தின் தனிலோ ஆயர் தூங்காமல் புலம்புவதெல்லாம் 1840களின் ஞேகோஷின் புலம்பல். உள்ளிருந்தே ஆட்கள் எதிரிப் பக்கம் கழன்றுபோகிறார்கள், தண்டிக்கவும் முடியவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை. காவியத்தில் வாள் தீர்த்துவைத்தது. நிஜத்தில் அவர் அவசரமாக ஊர் திரும்பி, கலகக்காரர்களை அடக்கி, சிலரைத் தண்டித்து, பலரை மன்னித்து, தானியம் தேடிக் கடிதம் எழுதினார். கவிஞர் எழுதியபடி ஆட்சியாளர் நடக்கவில்லை. நடந்திருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

1848இல் ஐரோப்பா முழுக்கப் புரட்சி. குரோஷியத் தளபதி யெலாச்சிச்சுக்கு ஆதரவாகக் கடிதங்கள் எழுதினார், கோத்தோர், துப்ரோவ்னிக் மக்களை அவர் பக்கம் நிற்கச் சொன்னார். தென்சிலாவியர் (செர்பியர், குரோஷியர் போன்றவர்கள்) எல்லாரும் ஒன்றாகும் நாள் வந்துவிட்டது என்று நம்பினார். யெலாச்சிச் கடைசியில் ஆஸ்திரியப் பேரரசரின் சேவகனாகவே நின்றதும் கசந்துபோனார். ரஷ்யாவும் சும்மா இரு என்றது.

அதற்குள் காசநோய் பிடித்துவிட்டது. குளிர்காலத்தைக் கழிக்க இத்தாலி போனார். ரோமில் புனித பேதுருவின் சங்கிலியைக் காட்டி முத்தமிடச் சொன்னபோது, மாண்டினீக்ரோக்காரர் சங்கிலியை முத்தமிடுவதில்லை என்றாராம். நடந்ததோ இல்லையோ, ஊரில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். 1851 அக்டோபர் கடைசியில் செத்திஞேயில் இறந்தார். 38 வயது முடிய இரண்டு வாரம் பாக்கி.

உயிலில் தனிலோ என்ற உறவுப் பையனை வாரிசாக எழுதியிருந்தார். ஆனால் செனட்டின் ஆதரவு சகோதரர் பேரோவுக்கு. ஞேகோஷ் தாமே உண்டாக்கிய மன்றம், அவருடைய உயிரற்ற கையெழுத்தைவிடத் தன் தலைவரைப் பெரிதாக நினைத்தது. கெட்ட சகுனமாகப் பலர் எழுதுகிறார்கள். செனட் என்று ஒன்று வேர்பிடித்துவிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று எனக்குத் தோன்றும். ரஷ்யாவின் கை தனிலோவின் பக்கம் சாய்ந்ததால் பேரோ ஒதுங்க வேண்டியதாயிற்று. தனிலோ ஆயர் பட்டமே வேண்டாமென்று 1852இல் தம்மை இளவரசர் என்று அறிவித்துக்கொண்டார். ஞேகோஷ் அங்கியைக் கழற்றி வைத்ததோடு நின்ற இடத்திலிருந்து ஓரடி முன்னே வைத்தார், அவ்வளவுதான். பின்பு திருமணமும் செய்துகொண்டார்.

சுல்தானுக்கு இது பொறுக்கவில்லை. அந்த வருஷக் கடைசியிலேயே ஒட்டோமான் தளபதி ஓமர் பாஷாவின் படை மலையைச் சூழ்ந்தது. செத்திஞேயில் ஈயம் போதவில்லை. பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஞேகோஷ் கொண்டுவந்த அச்சு எழுத்துகளை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்த்தார்கள்.